குழாயில் தட்டியவன்

அக்டோபர் 9, செவ்வாய்

பச்சைக் கஃப்தான் அங்கியின் கைமடிப்பில் கொழுப்புக் கறை. எலுமிச்சையும் உப்பும் வைத்துத் தேய்த்தேன், போகவில்லை. வெள்ளிக்கிழமை வேறொரு மணப்பெண்ணுக்கு இதைத்தான் உடுத்திவிட வேண்டும். இரண்டு நாளாகத் தேய்க்கிறேன். கறையை நினைத்துத் தேய்க்கவில்லை என்பது எனக்கே தெரிகிறது. எழுதிவிடுகிறேன்.

ஞாயிறன்று பெர்கானில் கல்யாணம். மணப்பெண்ணுக்கு உடுப்பு மாற்றும் நேரம், சுடுதண்ணீர் கேட்டுச் சமையல்கட்டுக்குப் போனேன். அண்டா கழுவிக்கொண்டிருந்த ஒருத்தி வேலையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். எவ்வளவு கழுவினாலும் கறுப்பு போகாத நகங்கள். நிலக்கரி ஊர்க்காரி என்று பார்த்ததுமே தெரிந்தது.

"ஹாசி ஸெர்கால உனக்கு யாராச்சும் இருந்தாங்களா? இந்த மூக்கை நான் வேற முகத்துல பாத்திருக்கேன்."

தம்பி ஒருவன் இருந்தான், மீமூன் என்று பெயர், போன குளிர்காலத்தில் கரிக்குழி இடிந்து இறந்துபோனான் என்றேன்.

"இடிஞ்சுதா? யாரு சொன்னா உனக்கு?" கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். "குழி இடியல. தண்ணி வந்துச்சு. அவன் உள்ள உசுரோட இருந்தான். குழாயில தட்டிக்கிட்டே இருந்தான். நாங்க அத்தனை பேரும் காது வச்சுக் கேட்டோம்."

மணப்பெண் காத்திருக்கிறாள் என்று யாரோ கூப்பிட்டார்கள். போனேன். கிரீடம் வைத்து ஊசி குத்தினேன். ஒரு ஊசிகூடத் தலையில் குத்தவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

அண்டா கழுவியவளின் பெயர் ரக்கியா. குழி வாயில் கரி சலிப்பவள்.

அக்டோபர் 10

கேட்டோம் என்றாள். கேட்டோம். சரி— கேட்டுவிட்டு?

அக்டோபர் 14, ஞாயிறு

மீமூனைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு பக்கம் தேறாது.

அவன் நாற்பது நாள் குழந்தையாக இருந்தபோது அம்மா இறந்துபோனாள். அப்பா அதற்கு முன்பே போயாயிற்று. என்னை ஊஜ்தாவில் அம்மாவின் தங்கை எடுத்துக்கொண்டாள். அவனை ஹாசி ஸெர்காவில் சித்தப்பா லக்தரும் சித்தி ஹூரியாவும் எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பூனைக்குட்டிகளைப் பிரித்துக் கொடுப்பது போல எங்களைப் பிரித்தார்கள். பெருநாள்களில் பார்த்திருக்கிறேன். என் கல்யாணத்துக்கு வந்திருந்தான், பதினான்கு வயது, தேநீர்த் தட்டைத் தலையில் வைத்து ஆடி இரண்டு கண்ணாடிக் குவளை உடைத்தான். அந்தக் கல்யாணம் நிலைக்கவில்லை. குவளை உடைந்ததுதான் காரணம் என்று பிறகு போனில் சொல்லிச் சிரித்தான். ஒவ்வொரு பெருநாளுக்கும் போன் செய்வான். எடுத்ததும், "அக்கா, நான்தான், உன் தம்பி" என்பான். எனக்குத் தெரியாமல் போய்விடுமோ என்பது போல.

இறந்தபோது இருபத்திரண்டு வயது. அடக்கம் முடிந்த பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். குழி இடிந்தது, அல்லாஹ் எழுதியது என்றாள் சித்தி. நானும் அழுதுவிட்டு வந்து மணப்பெண் அலங்காரக் கடையைத் திறந்தேன்.

அடுத்த சனிக்கிழமை போகிறேன்.

அக்டோபர் 20, சனி

ஹாசி ஸெர்கா. சித்தப்பா வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சித்தப்பாவின் மூச்சு அடுத்த அறையிலிருந்து கேட்கிறது. பழைய கம்பெனிச் சுரங்கத்தில் உழைத்த நாளெல்லாம் நுரையீரலில் கல்லாக இறங்கிவிட்டது. மூக்கில் குழாய், கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்ஸிஜன் சிலிண்டர். அவர் என்னைப் பார்த்துக் கையை மட்டும் தூக்கினார். பேசினால் இருமல்.

அடுப்படியில் சித்தியிடம் நேராகவே கேட்டேன். மாவு பிசைந்த கை நின்றது. மறுப்பாள் என்று நினைத்தேன். மறுக்கவில்லை.

"அவருக்குத் தெரியாது. சொல்லிராதே."

"உங்களுக்குத் தெரியுமா, சித்தி?"

"நானும் காது வச்சுக் கேட்டேன்டி" என்றாள். பிறகு மாவைப் பிசைய ஆரம்பித்தாள். பிசைந்துகொண்டே சொன்னாள்: அந்தக் குழி ஹாஜி பூஸியானுடையது. கரி வாங்கி விற்கும் உரிமை இந்த ஊரில் அவருக்குத்தான். பையன்கள் தோண்டுவார்கள், மோட்டாரும் கயிறும் குழாயும் அவர் கொடுப்பார், கரி அவர் லாரியில் போகும். தாளில் மட்டும் எந்தக் குழியும் அவர் பெயரில் கிடையாது. இத்தனை நாள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். அவள் அடுத்த அறைப் பக்கம் தலையை அசைத்தாள். "அந்த சிலிண்டர் யாரு லாரில ஊஜ்தாலேர்ந்து வருதுன்னு நினைச்சே?"

மீமூன் படுத்த அறையில்தான் எனக்குப் படுக்கை. விளக்கை அணைக்கப் போனேன். அணைக்காதே என்றாள் சித்தி. அவன் வெளிச்சம் இல்லாமல் தூங்கமாட்டானாம், சின்ன வயதிலிருந்தே இருட்டென்றால் பயமாம். அவன் போன பிறகும் அந்த விளக்கு எரிகிறது.

இருட்டுக்குப் பயந்தவன் கரிக்குழிக்குள் இறங்கியிருக்கிறான்.

அக்டோபர் 27, பெருநாள்

சித்தப்பா வீட்டுக்கு ஆடு ஹாஜி பூஸியான் அனுப்பியது. அதன் ஈரல் சுட்டு என் தட்டில் வந்தது. வெளியே கொண்டுபோய் நாய்க்குப் போட்டேன். தின்றது. நாய்க்கு என்ன தெரியும்.

இன்று "நான்தான், உன் தம்பி" என்று யாரும் போன் செய்யவில்லை.

நவம்பர் 4, ஞாயிறு

ரக்கியாவைக் குழி வாயில் பார்த்தேன். காற்று அறைகிறது. கரித்தூள் பல்லுக்கிடையில் நறநறக்கிறது. அவள் சல்லடையை நிறுத்தாமலே பேசினாள்.

"வா ஊஜ்தாக்காரி. செருப்பு அழகா இருக்கு. போறப்போ இதே நிறத்துல இருக்காது."

கத்தூர் என்பவனைக் காட்டினாள். குழியின் மேலே நின்று கயிறு இழுக்கும் வேலை அவனுக்கு, மீமூனின் கூட்டாளி. மீமூன் வயதுதான் இருக்கும், பார்த்தால் நாற்பது சொல்லலாம். என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து போகப் பார்த்தான். ரக்கியா, "உக்காருடா. மூக்குக்கே பயந்துட்டான் பாரு" என்றாள்.

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், பிறகு மறந்துவிட்டேன் என்று நானே என்னிடம் சொல்லிக்கொள்ளக் கூடாது.

பக்கத்துப் பழைய சுரங்கத்தில் தேங்கிய தண்ணீர் பாறையை உடைத்துக்கொண்டு குழிக்குள் பாய்ந்தது. மீமூன் மட்டும்தான் கீழே. மேல்நோக்கிப் போகும் ஒரு பக்கப் பொந்துக்குள் ஏறிவிட்டான். காற்று அனுப்பும் இரும்புக் குழாய் அந்தப் பொந்து வரை போயிருந்தது. அதில்தான் தட்டினான். மூன்று தட்டு, ஒரு இடைவெளி, மூன்று தட்டு. பம்பு வேண்டும் என்று ஹாஜிக்குப் போன் போட்டார்கள். ஹாஜி லாரியோடு வந்தார். பம்பு இல்லை. உள்ளே இருப்பவன் செத்துவிட்டான், நீங்கள் கேட்பது தண்ணீர் குழாயில் மோதும் சத்தம் என்றார். போலீஸ் வந்து என் மோட்டாரை இங்கே பார்த்தால் எல்லாக் குழியையும் மூடிவிடுவார்கள், இந்தக் குளிர்காலம் உங்கள் பிள்ளைகள் என்ன தின்னும் என்று கேட்டார். மோட்டாரை ஏற்றினார்கள். கயிறை ஏற்றினார்கள். குழாயையும் துண்டு துண்டாகக் கழற்றி ஏற்றினார்கள்.

"யார் கழட்டினது?" என்றேன்.

கத்தூர் தன் கைகளைப் பார்த்தான். "நான்தான். மறையைத் திருகுறப்போகூட உள்ள தட்டிக்கிட்டிருந்தான். கையில அதிருச்சு."

அந்தக் குழாயில்தான் அவனுக்குக் காற்றும் போய்க்கொண்டிருந்தது.

சித்தி தலையில் மண் வாரிப் போட்டுக்கொண்டு ஓடிப் போலீஸைக் கூட்டி வந்தபோது அங்கே வெறும் ஓட்டைதான் இருந்தது. மீமூனை வெளியே எடுத்தபோது அவன் தலைமுடி காய்ந்திருந்ததாம். தண்ணீரில் செத்தவனுக்குத் தலைமுடி காய்ந்திருக்குமா?

நவம்பர் 6

கத்தூரின் கைகளை வெட்ட வேண்டும். ஊர்க்காரர்களின் காதுகளை அறுக்க வேண்டும். ஹாஜி பூஸியானை— அவனை ஒரு குழிக்குள் இறக்கி, குழாய் ஒன்று கொடுத்து, நான் மேலே உட்கார்ந்து தேநீர் குடிக்க வேண்டும். தட்டட்டும். நன்றாகத் தட்டட்டும். சர்க்கரை போதுமா என்று கேட்பேன்.

இதை எழுதியபோது எனக்குப் பசித்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டேன்.

நவம்பர் 17, சனி

மறுபடி ஹாசி ஸெர்கா. வீடு வீடாகப் போகிறேன். தம்பியைப் பற்றிக் கேட்க வந்தேன் என்கிறேன். உட்காரச் சொல்கிறார்கள், தேநீர் ஊற்றுகிறார்கள், பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேனென்கிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு துண்டு மீமூன் இருக்கிறான்.

சீட்டாட்டத்தில் ஏமாற்றுவான். காலுறைக்குள் சீட்டு வைத்திருப்பான், எல்லோருக்கும் தெரியும், தெரிந்தும் அவனோடுதான் ஆடுவார்கள். ஊர்ப் பந்தாட்டக் குழுவுக்குக் கோல்கீப்பர். மோசமான கோல்கீப்பர், பந்து போன பக்கம் விட்டுப் பார்வையாளர் பக்கம் பாய்வான், அங்கே மருந்துக்கடைப் பெண் நிற்பாளாம். ஒருமுறை கடல் தாண்டப் போகிறேன் என்று கிளம்பி, நம் கரையிலேயே இருக்கும் ஸ்பெயின் எல்லை வேலியிலிருந்து விழுந்து தோள் எலும்பு முறிந்து திரும்பினான். ஸ்பெயினைப் பார்த்தாயா என்று கேட்டவர்களிடம், பார்த்தேன், விழும்போது தலைகீழாகத் தெரிந்தது என்றானாம். கோபம் வந்தால் கெட்டவன். கத்தூரோடு ஒரு வார்த்தைக்காக ஒரு கோடைக்காலம் முழுக்கப் பேசவில்லை.

குழிக்குள் வாய் மூடாமல் பாடுவானாம். குரல் கழுதைக் குரல். நிறுத்துடா என்று மேலேயிருந்து கத்துவார்களாம். இருட்டுக்குப் பயந்து பாடியிருக்கிறான் என்று எனக்கு மட்டும் தெரியும். நான் யாரிடமும் சொல்லவில்லை.

சிரித்தேன் இன்று. ஒரு பெண்ணின் வீட்டில், தலைகீழ் ஸ்பெயினுக்கு. அவளும் சிரித்தாள், சட்டென்று நிறுத்தினாள். "நானும் அன்னிக்கு அங்கதான் இருந்தேன்" என்றாள். நான் எழுந்து வந்துவிட்டேன். அவள் ஊற்றிய தேநீரைக் குடிக்கவில்லை.

நவம்பர் 22, வியாழன்

கடைக்குப் போன். ஹாஜி பூஸியானின் மனைவி. மகள் நுஸ்ஹாவுக்கு டிசம்பர் கடைசியில் கல்யாணம், மாப்பிள்ளை பெல்ஜியத்தில் வேலை, விடுமுறைக்கு வரும்போது முடிக்க வேண்டும், ஊஜ்தாவிலேயே கைராசிக்காரி நீங்கள்தான் என்றார்கள், வருவீர்களா என்று கேட்டாள்.

வருகிறேன் என்றேன். என் குரல் தேன் போல இருந்தது.

டிசம்பர் 8, சனி

அந்த ஹாஜி வீட்டுக் கதவு நீல நிறம். உள்ளே பளிங்கு.

நுஸ்ஹாவுக்கு அளவு எடுத்தேன். இருபது வயதிருக்கும். அவள் அழகாக இருந்து, திமிராகவும் இருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். பல் கொஞ்சம் தூக்கல். பல்லக்கில் தூக்கும்போது தலை சுற்றும் என்று பயம். "அக்கா, கீழ போட்டுருவாங்களா?" என்று கேட்டாள். இதுவரை யாரையும் போட்டதில்லை என்றேன். கத்தரிக்கோல் என் கையில் இருந்தது, அவள் கழுத்து எனக்கு முன்னால் இருந்தது. கழுத்து அளவைக் குறித்துக்கொண்டேன்.

கிளம்பும்போது ஹாஜியே கூடத்துக்கு வந்தார். அடையாளம் தெரியவில்லை அவருக்கு. குழியைப் பார்த்தவர்களுக்கெல்லாம் என் மூக்கு தெரிகிறது, இவருக்குத் தெரியவில்லை. என்னை மகளே என்று கூப்பிட்டார். அக்ரூட் பருப்பு ஒரு பொட்டலம் கொடுத்தார்.

"நல்லா ஜோடிச்சு விடு, மகளே. ஊரே வரும். ஹாசி ஸெர்கால வராத பொம்பளை ஒருத்தி இருக்க மாட்டா."

டாக்ஸியில் வரும் வழியெல்லாம் அதுவே ஓடியது. ஊரே வரும்.

பயத்தில் வரும். இலவசச் சாப்பாட்டுக்கு இல்லை, அன்புக்கும் இல்லை. போகாவிட்டால் மறுநாள் நம் கரியை வாங்குவானா என்று வரும். வந்து குலவையிடும். எத்தனை கல்யாணம் பார்த்திருக்கிறேன் நான். நகை குறைந்தால் கல்யாணம் நிற்கும். கறி தீய்ந்தால் நிற்கும். ஆள் வராவிட்டால்?

டிசம்பர் 9, ஞாயிறு

கல்யாணத்துக்கு ஊர் ஒருவரும் போகக் கூடாது என்று ரக்கியாவிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று நினைத்தேன். சல்லடையைக் கீழே வைத்தாள்.

"உனக்கென்ன, ஊஜ்தால கடை இருக்கு. நாளைக்கு அவன் எங்க கரியை வாங்கலேன்னா உன் கிரீடத்தைக் கடிச்சா திம்போம்?"

"அன்னிக்கும் இதைத்தான் சொல்லி குழாயைக் கழட்டினான்" என்றேன்.

என்னை அடிப்பாள் போலப் பார்த்தாள். "நீ எங்களையும் சேத்துத்தான் வெறுக்கிறே."

"ஆமா."

சல்லடையை மறுபடி எடுத்தாள். சலித்துக்கொண்டே இருந்தாள். நான் எழுந்தபோது, "சும்மா வராதீங்கன்னா ஒருத்தியும் கேக்க மாட்டா. போறதுக்கு வேற இடம் வேணும்" என்றாள்.

டிசம்பர் 15, சனி

சித்தப்பாவிடம் சொல்லிவிட்டேன். சித்தி தடுத்தாள். இனி யாரும் யாரிடமும் எதையும் மறைக்க வேண்டாம் என்றேன்.

முழுவதும் கேட்டார். நடுவில் ஒரே ஒரு கேள்வி: "எப்படித் தட்டினான்?"

கட்டிலின் இரும்புச் சட்டத்தில் தட்டிக் காட்டினேன். மூன்று. இடைவெளி. மூன்று. சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டார். பழைய சுரங்கத்தில் அது எல்லோருக்கும் தெரிந்த தட்டு என்றார். உயிரோடு இருக்கிறேன் என்று அர்த்தம்.

பிறகு மூக்கிலிருந்த குழாயை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தார். "இதுவும் அவன் குழாய்தான்." சித்தி ஓடிவந்து திரும்ப மாட்டிவிட்டாள். மூச்சு திரும்பியதும் சொன்னார், ஒவ்வொரு சொல்லாக:

"கல்யாணம் என்னிக்கு? அன்னிக்கே என் பையனுக்குக் குர்ஆன் ஓதி கத்தம் முடிச்சு சோறு போடறேன். இந்த வீட்ல. ஊருக்குச் சொல்லு."

சிலிண்டர் நின்றுவிடுமே என்றாள் சித்தி. நிற்கட்டும் என்றார்.

டிசம்பர் 23, ஞாயிறு

ரக்கியா வீடு வீடாகப் போய் வந்தாள். ஒருத்தியும் வருகிறேன் என்று சொல்லவில்லை. ஒருத்தியும் வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. "லக்தர் வீட்டிலா?" என்று மட்டும் கேட்டார்களாம்.

சித்தி என்னிடம், அன்று நீ இங்கே இருப்பாய்தானே, உன் தம்பிக்கு ஓதுகிற நாள் என்றாள். இல்லை என்றேன். நான் ஹாஜியின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

டிசம்பர் 30, ஞாயிறு

நேற்று நடந்ததை எழுத வேண்டும்.

மண்டபத்தில் மேசைகள் போட்டு வெள்ளை விரித்திருந்தது. பின்கட்டில் ஆடுகள் முழுசாக வெந்துகொண்டிருந்தன. நான் மாடியறையில் நுஸ்ஹாவுக்கு முதல் உடுப்பை மாட்டினேன். மதியத் தொழுகை முடிந்தது. மாப்பிள்ளை வீட்டார் நாடோரிலிருந்து கார்களில் வந்து இறங்கினார்கள், கொம்பு ஊதி, மேளம் அடித்து. அவர்களை எதிர்கொண்டு பாலும் பேரீச்சையும் கொடுக்க வாசலில் நின்றவர்கள் ஹாஜியின் மனைவி, அவள் தங்கை, வேலைக்காரி. அவ்வளவுதான்.

வருவார்கள், வழியில் இருக்கிறார்கள் என்றாள் ஹாஜியின் மனைவி. மாப்பிள்ளையின் அம்மா காலி மேசைகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். பாட்டுக்காரர்கள் பாடினார்கள். காலி மண்டபத்தில் மேளம் பாத்திரக்கடையில் எதையோ போட்டுடைப்பது போல இருந்தது.

நுஸ்ஹாவைப் பல்லக்கில் ஏற்றித் தூக்கினோம். அந்த நேரம்தான் குலவை எழ வேண்டும். தூக்குபவர்கள் பழக்கத்தில் ஒரு நொடி நின்றார்கள். ஒன்றும் வரவில்லை. ஹாஜியின் மனைவி தனியாக வாயைத் திறந்தாள், குரல் பாதியில் உடைந்தது.

ஹாஜி மண்டபத்துக்கு நடுவில் நின்றிருந்தார். லாரி ஓட்டுநரை ஊருக்குள் அனுப்பியிருந்தார். அவன் திரும்பி வந்து காதில் சொன்னது எனக்குக் கேட்கவில்லை, ஆனாலும் எனக்குத் தெரியும். லக்தர் வீட்டு வாசல் கொள்ளாமல் செருப்புகள் கிடக்கின்றன, தெரு வரை பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், மீமூனுக்கு ஓதுகிறார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா சத்தமாகவே கேட்டாள்: "உங்க ஊர் ஜனங்க எங்க, ஹாஜி? ஊர்ல யாராச்சும் செத்துட்டாங்களா?"

அவர் என் பக்கம் திரும்பினார். எதற்காகத் திரும்பினார் என்று தெரியவில்லை. நான் பார்வையை எடுக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெல்ல, மிக மெல்ல, அந்த முகம் மாறியது. மூக்கு தெரிந்துவிட்டது.

இதற்காகத்தான் வந்தேன். இனித்தது. பொய் சொல்ல மாட்டேன், தேன் போல இனித்தது.

மாடியறையில் கிரீடத்தைக் கழற்றும்போது நுஸ்ஹா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். மை கன்னத்தில் இறங்கியிருந்தது. கீழே வேலைக்காரி உளறியிருக்கிறாள்.

"நீங்க அவனோட அக்காவா?"

ஆமாம் என்றேன்.

"எங்கப்பா செஞ்சதுக்கு என் கல்யாணம்தான் கிடைச்சுதா உங்களுக்கு?"

"உங்கப்பாவுக்கு என் தம்பிதானே கிடைச்சான்."

ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். மாப்பிள்ளை வீட்டார் கறி தின்னாமலே அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

சித்தப்பா வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. தாம்பாளங்களைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். சித்தி எனக்கென்று ஒரு தட்டு எடுத்து வைத்திருந்தாள். ஆறிப்போயிருந்தது. தட்டை அப்படியே மூடி வைத்தேன்.

ஜனவரி 7, திங்கள்

ஹாஜி கரி வாங்குவதை நிறுத்திவிட்டார். மூட்டைகள் குழி வாயில் குவிந்து கிடக்கின்றன. ரக்கியா போனில்: "நேத்து உன்னைத் திட்டினவங்க பேரு சொல்லவா? வேணாம், போன்ல காசு தீந்துரும்." சிரித்தாள். அவள் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று சித்தி பிறகு சொன்னாள்.

ஒருத்தியும் ஹாஜி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கவில்லை என்றும் சொன்னாள்.

ஜனவரி 26, சனி

சிலிண்டர் நின்றுவிட்டது, எதிர்பார்த்ததுதான். நானே ஊஜ்தாவில் நிரப்பி டாக்ஸியில் கொண்டுபோகிறேன். இன்று டாக்ஸிக்காரர்கள் யாரும் ஏற்றவில்லை. வெடித்துவிடும் என்றார்கள். ஒருவன் மட்டும் உண்மையைச் சொன்னான்: "ஹாஜி வேணாம்னுட்டார், அக்கா. எனக்கும் அந்த ரோட்டுலதான் பொழப்பு." காய்கறி வேனில் கோஸ் மூட்டைகளுக்கு நடுவே சிலிண்டரைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்து போனேன்.

பிப்ரவரி 11, திங்கள்

பனி விழுந்து சாலை அடைத்துக்கொண்டது. வேன் போகவில்லை. நேற்று விடியலில் சித்தப்பா போய்விட்டார்.

நுரையீரல் எப்படியும் இந்த வருடத்தைத் தாண்டாது என்றார் மருத்துவர். எப்படியும் என்பது எத்தனை சௌகரியமான சொல். லாரி வந்திருந்தால் சிலிண்டர் வந்திருக்கும். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் லாரி வந்திருக்கும். ஹாஜி பூஸியானின் மேல் இதையும் போடுகிறேன். போட்ட பிறகும் என் பங்கு என்று ஒன்று தரையில் கிடக்கிறது. யார் எடுத்துப்போவது அதை?

சித்தியிடம், என்னைத் திட்டுங்கள் என்றேன். "அவர் சொன்னதைத்தானே நீ செஞ்சே" என்றாள். திட்டியிருக்கலாம்.

பிப்ரவரி 13

திங்களன்று அடக்கத்துக்கு ஊரே வந்தது. கத்தூர் மண் போட்டான், போட்டுவிட்டு நேராக என்னிடம் வந்து, "ஊஜ்தா கோர்ட்டுக்கு எந்த பஸ்?" என்று கேட்டான்.

மார்ச் 20, புதன்

கத்தூர் வாக்குமூலம் கொடுத்துவிட்டான், குழாயைக் கழற்றியது தன் கை என்பது உட்பட. அவனையும் சேர்த்து வழக்குப் போட்டிருக்கிறார்கள். ஹாஜியைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அந்தக் குழி தன்னுடையது இல்லை, அந்த நாள் தான் வீட்டை விட்டே கிளம்பவில்லை, இவன் பொறுக்கி, பொய் சொல்கிறான் என்றாராம். ரக்கியாவும் இன்னும் சில பெண்களும் சாட்சிக்குப் போனார்கள். கரி சலிக்கிறவர்கள், அவர்களுக்கு ஹாஜி மேல் பகை என்றார் அவர் வக்கீல். ஹாஜி வீடு திரும்பிவிட்டார்.

நீல நிறக் கதவுக்குத் தீ வைப்பது பற்றி இன்று மாலை முழுக்க யோசித்தேன். மண்ணெண்ணெய் எங்கே வாங்குவது என்பது வரை.

மே 14, செவ்வாய்

மதியம் கடையில் முத்துக் கோத்துக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல். நுஸ்ஹா. ஜெல்லாபா அங்கியின் முன்புறம் கொஞ்சம் மேடிட்டிருந்தது, ஐந்து மாதம் இருக்கும். நாடோரிலிருந்து தனியாக பஸ்ஸில் வந்திருக்கிறாள்.

திட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். நான் எழவில்லை. உட்கார் என்றும் சொல்லவில்லை. அவளாகவே உட்கார்ந்தாள். புகுந்த வீட்டில் அவளைக் குலவை விழாத மருமகள் என்றுதான் கூப்பிடுகிறார்களாம். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் தலை குனியவில்லை.

"இப்போ கோர்ட்லேர்ந்துதான் வர்றேன்" என்றாள். "அன்னிக்கு அப்பா வீட்லேர்ந்து கிளம்புறப்போ போன்ல பேசினது என் காதுல விழுந்துச்சு. குழாயை முதல்ல கழட்டுங்க, சத்தம் போடுதுன்னார். குழாய் எப்படி சத்தம் போடும்னு அப்போ எனக்குப் புரியல. கல்யாணத்தன்னிக்கு உங்க தம்பி கதையைக் கேட்டப்போதான் புரிஞ்சுது. அதை ஜட்ஜ்கிட்ட சொல்லிட்டேன்."

முத்து கையிலிருந்து உருண்டு ஓடியது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். யாரும் எடுக்கவில்லை.

"உங்களுக்காக சொல்லல" என்றாள். "உங்களை நான் மன்னிக்கவும் இல்ல."

"நானும் உங்க வீட்டை மன்னிக்கல."

"தெரியும்."

அதன் பிறகு அறை கொஞ்சம் லேசாகிவிட்டது போல இருந்தது. ஏன் என்று தெரியவில்லை. தேநீர் போட்டேன். பஸ் பயணத்தில் குமட்டியது என்றாள். புதினாவை அதிகம் போட்டேன். குடித்தாள். நாளை காலை அவள் அப்பாவைக் கைது செய்ய ஆள் போகும் என்று ஜட்ஜின் எழுத்தர் சொன்னாராம். அதைச் சொன்னபோது அவள் உதடு நடுங்கியது. இத்தனை மாதம் நான் காத்திருந்த செய்தி. சிரிப்பேன், ஆடுவேன் என்று நினைத்திருந்தேன். அந்த உதட்டைப் பார்த்துக்கொண்டு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. குவளையை நிரப்பினேன்.

கிளம்ப எழுந்தவள் வாசலில் நின்றாள்.

"ஊர்ல எல்லாரும் அவன் பேரைச் சொல்றாங்க. நான் ஒரு தடவைகூடப் பாத்ததில்ல. எப்படி இருப்பான்?"

அக்டோபரில் கேட்டிருந்தால் என்னிடம் ஒரு பக்கம்கூட இருந்திருக்காது. கதவைச் சாத்திவிட்டு, உட்காரும்மா என்றேன். மோசமான கோல்கீப்பர் என்று ஆரம்பித்தேன்.